பிரகாஷ் மேல் விழுந்த பழி

2003 நவம்பர் 18, செவ்வாய்

போன வாரம் டெஸ்டிங் மெஷின் கொடுத்த ரிப்போர்ட்டில் பிரகாஷ் எழுதிய புரோகிராம் முழுக்க ஃபெயில் என்று வந்தது. அதைக் காட்டியே மேனேஜர் அவனை ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார். மெஷின் சோதித்தது அவன் திருத்தியதை அல்ல, அதற்கு முந்தைய பழைய பிரதியை. இன்று காலை வேறு எதையோ தேடும்போதுதான் கவனித்தேன். புதியதைப் போட்டு ஓட்டினேன். எல்லாமே பாஸ்.

மேனேஜரிடம் ஓடினேன். "ரிப்போர்ட் கிளையன்ட்டுக்குப் போயாச்சு வித்யா. இப்போ போய் அதைக் கிளறாதீங்க" என்றார்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் பிரகாஷ் வீட்டுக்குப் போனேன். கேட்டால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"மெஷின் சொன்னதை மத்தவங்க நம்பினது பரவாயில்ல. எனக்கு வேலை தெரியலைன்னு நானே நம்பிட்டேன், வித்யா."

எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆபீசுக்கே திரும்பி, சரியான ரிப்போர்ட்டைக் கிளையன்ட்டுக்கு அனுப்பினேன். மேனேஜருக்கும் ஒரு காப்பி.

நாளைக் காலை கூப்பிடுவார். என் வேலையும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. அனுப்பியதைப் பிரகாஷிடம் இன்னும் சொல்லவில்லை. முன்பே சொல்லியிருந்தால் தடுத்திருப்பான்.