அஞ்சலை தைலம் தேய்த்துவிட்டாள்

என் அன்புக் கமலாவுக்கு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். சரியா, தவறா என்று இன்னும் தெரியவில்லை.

மாடி அறையில் குடியிருக்கும் தென்காசிப் பெண்கள் மூவரும் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னார்கள். வீட்டில் பெண் துணை இல்லையே என்று பெற்றவர்கள் பயப்படுகிறார்களாம். நியாயம்தானே? நீ போனபிறகு நானும் அவர்களிடம் வாசற்படியில் நின்றுதான் பேசுகிறேன். அவர்களும் போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை, ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்த அவர்களில் ஒருத்தி, செல்வி, தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூதக்கண்ணாடி வழியே பொடிப்பொடி பாகங்களைப் பார்க்கும் வேலை.

"தாத்தா, ஆச்சி தேய்ச்சு விடுவாவல்லா, அந்தத் தைலம் இருக்கா? தலை தெறிச்சிரும் போல இருக்கு."

யூகலிப்டஸ் தைலத்தை அப்படியே தடவினால் எரியும் என்பாயே. தேங்காய் எண்ணெயில் இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்தேன். அவளே தொட்டுத் தடவப் பார்த்தாள்; எண்ணெய் புருவத்தில் வழிந்தது. கண்ணில் பட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் தேய்த்துவிடலாமா? யோசித்துக்கொண்டே தெருவைக் கடந்து அஞ்சலை வீட்டு வாசலில் நின்றேன்.

ஆம், அவளேதான். சாக்கடைச் சண்டைக்குப் பிறகு நீ கடைசிவரை முகம் கொடுக்காத எதிர்வீட்டு அஞ்சலை.

"இன்னா சார், வூடு மாறி வந்துட்டியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி கூடவே வந்துவிட்டாள். ஃபில்லரைப் பார்த்து ஒரே சிரிப்பு. "தைலத்துக்கு இன்னா சார் பரீட்சை எழுதிகினு கீற?"

செல்வியின் தலையை மடியில் வைத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை நிதானமாக நீவினாள். பெண் அப்படியே தூங்கிப்போனாள். தைலத்தால் தூங்கினாளா, மடியில் படுத்ததாலா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

விழித்தவளிடம் அஞ்சலை சொன்னாள்: "உங்க ஊருக்கு போன் போடு. எதிர் வூட்ல அத்தை ஒருத்தி கீறான்னு சொல்லு. வேற ரூம்பு இன்னாத்துக்கு?"

பெண்கள் காலி செய்யவில்லை, கமலா.

அன்று புறப்படும்போது அஞ்சலை கேட்டாள்: "உன் வூட்டம்மா எப்பனா என்னிய பத்தி பேசுமா சார்?"

எனக்குப் பொய் வரவில்லை. "தினமும் திட்டுவாள்" என்றேன்.

"நானுந்தான் திட்டுவேன். இப்போ ஆரைத் திட்றது?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இனி அவள் வந்தால் உள்ளே உட்காரச் சொல்லி காப்பி கொடுப்பேன். உனக்கு வருத்தமென்றால் என்மேல் வை, அவள்மேல் வேண்டாம்.

என்றும் உன் வீட்டுக்காரன்,
சபாபதி