வாசிக்காத இரண்டு வரி

ஈப்போ, மலாயா. 1929 அக்டோபர் 7, திங்கள்

காலையிலிருந்தே மழை. பியானோவில் மூன்று கட்டை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு எழ மறுத்தன.

தியேட்டர் முதலாளி தவுக்கே கூப்பிட்டார். ஈப்போவுக்கும் பேசும் படம் வருகிறதாம். "இனிமே மெஷினே வாசிக்கும்லா. சனிக்கிழமையோட நீ ரெஸ்ட் எடு." ரெஸ்டாம்! ஏழு வருஷம் ஊமைப் படத்துக்கு இருட்டில் வாசித்தவனுக்கு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

8, செவ்வாய்

வெயில். தாள் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் படத்தோடு அமெரிக்காவிலிருந்து வந்த இசை. பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியது. பெயர் இன்றுவரை வாயில் நுழையவில்லை. எனக்கு அவர் 'நம்ம ஆள்'.

முதல் தாள்: பெயர் அடியில், எறும்பு சைஸ்.
அப்புறம்: போட்டோ. தலை நிறைய முடி.
கடைசியாக வந்தது: பெயர் படத்தின் பெயரை விடப் பெரிசு. முடிதான் இல்லை.

அவர் மேலே ஏற ஏற எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்ததே இல்லை, ஆனாலும். அங்கேயும் மெஷின் வந்திருக்குமே. பாவம், அவருக்கும் ரெஸ்டோ?

10, வியாழன்

கடைசிப் படம் வந்துவிட்டது. நம்ம ஆள் இசைதான். முத்தக் காட்சி இருக்கிறதா என்று ஆப்பரேட்டர் முனியாண்டியிடம் கேட்டேன்.

"சென்சார்ல வெட்டிட்டாங்கண்ணே. வழக்கம்போலத்தான்."

முத்தம் போனால் அதற்கான இரண்டு வரி இசையும் போச்சு. நம்ம ஆள் உயிரைக் கொடுத்து எழுதுவதே அந்த இடத்தில்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யார் காதிலும் விழவில்லை. வயிற்றெரிச்சல்.

ராத்திரி ரோசம்மாவிடம் வேலை போவதைச் சொன்னேன். "சனிக்கிழமை நானும் வாரேன்." கல்யாணத்துக்கு முன் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து, படத்தை விட்டுவிட்டு என் முதுகையே பார்த்தவள். பிள்ளைகள் பிறந்தபின் வந்ததே இல்லை.

12, சனி

மத்தியான ஆட்டம். புழுக்கம். ரப்பர் தோட்டத்து ஆட்கள் மட்டும் இரண்டு லாரி.

திரையில் அவனும் அவளும் கிட்டே வந்தார்கள். முத்தத்தை வெட்டி ஒட்டிய அதே இடத்தில் படம் அறுந்தது! திரை வெள்ளை. ஒரே விசில். "ஓய், படத்தப் போடுங்கலா!" மேலே முனியாண்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த இரண்டு வரியை வாசித்தேன். மெதுவாக. விசில் குறைந்தது. "டேய், சும்மா இருங்கடா, கேப்போம்," மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல். மறுபடி வாசித்தேன். கண் கலங்கிவிட்டது, என்னத்தை மறைக்க. திரும்பினேன். ரோசம்மா வெள்ளைத் திரையைப் பார்க்கவில்லை.

அந்தத் தாளை மட்டும் தவுக்கேயிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது மழை. ஒரே குடை.

"அந்த எடத்துல படத்துல என்னாங்க நடக்கும்?"

"வெட்டிட்டாங்க."

"என்னத்த வெட்டுனாங்க?"

நடுத்தெருவில் எப்படிச் சொல்வது.

"வீட்டுக்கு வா, சொல்றேன்."