நியூட்ரினோவுக்குக் கீழே இருந்த காலி இடம்

மச்சான்,

இந்த வருடத்துக் கைடு இன்று கூரியரில் வந்தது. உறையைப் பிரித்ததும் கீழ்க்கட்டளை அச்சகத்தின் மை வாசனை மேசை முழுக்கப் பரவிவிட்டது. ப்ளஸ் டூ இயற்பியல், 2007 பதிப்பு. பழக்க தோஷத்தில் நேராகக் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினேன். மேலே அந்த ஒற்றை வரி அப்படியே இருக்கிறது: 'நியூட்ரினோவுக்கும் நிறை உண்டு என்று கண்டறியப்பட்டுள்ளது.' அதற்குக் கீழே, நீ வெள்ளையாகவே விட்டுவைத்த இடத்தில், சென்டம் வாங்கிய பிள்ளைகளின் படங்களோடு ஒரு டுடோரியல் விளம்பரம். போடச் சொன்னவன் நான்தான்.

தாம்பரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தோம். நீ உன் வாப்பாவின் அச்சகத்துக்குப் போனாய். நான் அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றிக் கணக்குப் போடும் ஆராய்ச்சிக்குப் போனேன். நீ கைடு போட ஆரம்பித்தபோது கடைசிப் பாடத்தின் முடிவில் 'புதிய செய்தி' என்று ஒரு பகுதி வைத்தாய். வேறு எந்தக் கைடிலும் இல்லாத பகுதி. என்னை நம்பித்தான் வைத்தாய்.

முதல் வருடம் நான் கொடுத்தது அந்த நியூட்ரினோ வரி. அதுகூட எங்கோ சுரங்கத்துக்குள் தண்ணீர்த் தொட்டி வைத்துக் காத்திருந்தவர்கள் கண்டது, என் போன்ற கணக்குக்காரர்களுக்கு அதில் பங்கில்லை. அந்த வரி பாடத்தின் கடைசிப் பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. வேறு எதையாவது சுருக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வுடு மச்சான். மீதிப் பக்கம் காலியாவே கெடக்கட்டும். அடுத்த வருஷம் நீ இன்னும் குடுப்ப இல்ல?" என்றாய்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் மறுபதிப்பு வேலை தொடங்கும்போது பல்லாவரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து உன்னிடம் வருவேன். உள்ளே நுழைவதற்குள் கேட்பாய். "இன்னா, எதுனா புதுசா கீதா?"

பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு வருடம் சொன்னேன். ஏன் கூடுகிறது என்று கேட்டாய். தெரியாது என்றேன். "தெரிஞ்சதும் சொல்லு, போட்டுக்கலாம்" என்று எழுந்து டீ சொல்லப் போனாய். கம்ப்யூட்டர் கைடு எழுதித்தரும் சிறுசேரிக்காரர் அன்றைக்கு அங்கே இருந்தார். பாதிப் புத்தகத்தை மாற்றச் சொல்லிக் கட்டுக்கட்டாகத் தாள் கொண்டுவந்திருந்தார். "இவரு என்னப் பிழிஞ்சு எடுக்கறாரு. நீதான் மச்சான் நல்லவன், செலவே வெக்கறதில்ல" என்று சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தாம்பரம் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். கடைசிப் பக்கம் அச்சாகவில்லை என்று பசங்கள் திருப்பிக் கொடுக்கிறார்களாம். நீ நிதானமாகச் சொன்னாய்: "அச்சு வுட்டுப்போகலண்ணா. விஷயம் இன்னும் வரல."

என்னிடம் காரணங்கள் நிறையவே இருந்தன. கைக்கு எட்டியதையெல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதைப் பார்க்க, துகள்களை மோதவிடும் ஊரளவு எந்திரம் வேண்டும். ஐரோப்பாவில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது ஓடட்டும், உன் பக்கம் நிரம்பி வழியும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாய்.

"சரி, புதுசா ஒண்ணும் வரலன்ற. அப்போ வருஷா வருஷம் உன் பேப்பர் மட்டும் எப்புடி மச்சான் வருது?"

குத்திக்காட்டுவதற்காக நீ கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாய். அந்தக் கட்டுரைகளால்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது, வெளிநாட்டு அழைப்புகள் வந்தன. அவற்றில் ஒரு வரியாவது உன் கைடுக்குத் தேறுமா என்று நான் யோசித்தது அன்றைக்குத்தான். தேறவில்லை. ரயில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அந்த எந்திரம் இன்னும் ஓடவில்லை. அதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. இப்போது அச்சகத்தை உன் மனைவிதான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் கூப்பிட்டார்.

"அண்ணே, டுடோரியல்காரர் ஒருத்தர் கடைசிப் பக்கத்த விளம்பரத்துக்குக் கேக்கறாரு. அவங்க இருந்தவரைக்கும் யாருக்கும் குடுக்கல, உங்க எடம்னு சொல்வாங்க. அதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "இந்த வருஷமும் ஒண்ணும் இல்லதானேண்ணே?"

"இல்லம்மா. போட்டுக்கோங்க" என்றேன்.

இந்தத் துறை முழுவதும் தேங்கி நிற்கிறதா, இல்லை, பெரிய வேலை என்பதால் காலம் பிடிக்கிறதா, எனக்குத் தெரியாது. கருத்தரங்குகளில் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன். உன் மனைவிக்குச் சொன்ன பதிலைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது மச்சான்.

போன வருடத்துக் கைடு என் பையில் இருக்கிறது. அதில் அந்தப் பக்கம் இன்னும் காலிதான். நேற்று ஒரு கட்டுரையை முடித்தேன். கணக்கில் தப்பில்லை, நிச்சயம் அச்சாகும். அனுப்புவதற்கு முன்னால் உன் காலிப் பக்கத்தைத் திறந்து அருகில் வைத்துக்கொண்டு, எதுனா புதுசா கீதா என்று கேட்டுப் பார்த்தேன்.

அனுப்பவில்லை.