ஆறாம் ரூமின் ஐந்தாவது பெயர்

2008 ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் கம்பெனி ஆள்கணக்கில் பொய் எழுதுகிறது. சட்டப்படி ரூமுக்கு நாலு பேர்தான் உட்கார்ந்து பட்டாசுக்கு மருந்து செலுத்தலாம். உட்காருவது ஐந்து, ஆறு. அதிகாரி பார்க்க ஒரு நோட்டு, உள்ளதை எழுத ஒரு நோட்டு. திருத்தங்கல் ஆபீஸில் இரண்டையும் எழுதுகிற கை என்னுடையது.

இன்று முதலாளி மகன் ஹரிபிரசாத் சென்னையிலிருந்து வந்தார். இனி நோட்டே கிடையாதாம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டில் ஒரே ஷீட். நான் இங்கே அடிப்பதை அவர் சென்னையில் அந்த நிமிஷமே பார்ப்பாராம். உள்ளதை மட்டும் அடியுங்கள் என்றார். இந்த ஆபீஸில்!

ஆகஸ்ட் 14

ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். மேனேஜர் நல்லசிவம் எல்லாவற்றையும் ஒரு காலண்டர் அட்டையில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டார். கேட்டதற்கு, "ரகசியமா வச்சா அவசரத்துக்கு எவன் தொறக்குறது?" என்றார். சாமிக்கும் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 29

தாயில்பட்டி ஃபேக்டரியிலிருந்து போர்மேன் முனியராஜ் தினமும் எட்டரைக்குப் போனில் பெயர்களைச் சொல்கிறார், நான் அடிக்கிறேன். அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு; அவருக்கு ஷீட்டைத் திறந்து பார்க்க வரும், வேகமாக அடிக்க வராது. ஒவ்வொரு ரூமிலும் அஞ்சு பேர் இருப்பது ஷீட்டில் பட்டவர்த்தனமாக நிற்கிறது. ஹரிபிரசாத் அதற்கு மேலே கலர் கலராக வரைபடம் போட்டிருக்கிறார். படித்தவர்.

செப்டம்பர் 4

கரண்ட் இல்லை. யுபிஎஸ் பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. ஷீட்டும் இல்லை, நோட்டும் இல்லை. மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 17

பதினொன்றே காலுக்கு ஆறாம் ரூம் வெடித்தது. அம்மா இரண்டாம் ரூமில் வேலை பார்க்கிறாள். கிடைத்த வண்டியில் ஏறி ஓடினேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

ஆறாம் ரூமில் நாலு பேர் வெளியே குதித்துவிட்டார்கள். மூலையில் நெருக்கி உட்கார்ந்திருந்த சின்னத்தாயால் எழுந்திரிக்க முடியவில்லை. இரண்டு கை, முகம். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். காலையில் அவள் பெயரை அஞ்சாவதாக அடித்தவள் நான்தானே? நான்தான்.

செப்டம்பர் 18

ஷீட்டில் ஆறாம் ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கிறார்கள்.

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை ஷீட்டே வைத்திருக்கும். திறந்தேன். நேற்று 12.02க்குச் சின்னத்தாய் வரி அழிந்திருக்கிறது. அழித்தவர் பெயர்: பாண்டிச்செல்வி. என் பெயர். அந்த நேரம் நான் தாயில்பட்டியில் அம்மாவைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்!

நல்லசிவத்திடம் போனேன். அவர் தலைகூட நிமிரவில்லை.

"யார் அடிச்சா என்னம்மா? அந்தப் பொண்ணு பக்கத்து ரூமு ஆளுக்குச் சோறு கொடுக்க வந்துச்சு. அம்புட்டுத்தான்."

"எட்டரை மணிக்கேவா அண்ணாச்சி சோறு கொண்டாந்தா?"

"ஒங்க அம்மாவும் நம்மகிட்டதான வேலை பாக்காக?" என்றார். சாந்தமாகத்தான் கேட்டார். த்தூ.

செப்டம்பர் 20

சின்னத்தாயின் புருஷன் சங்கிலிமுத்து ஆபீஸுக்கு வந்தார். மூன்று நாள் தூங்காத கண். "அவ வேலைக்கு வந்தான்னு ஒரு வரி எழுதித் தாங்க தாயி. அது இல்லாட்டி அவ கம்பெனி ஆளே இல்ல, நஷ்டஈடும் இல்லங்காக அதிகாரிக." நல்லசிவம் போனில் பேசுவதுபோல நடித்தார். நானும் குனிந்துகொண்டேன். இவர்களை மட்டும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

செப்டம்பர் 21

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "எனக்கு ஊர்ல வேற கம்பெனியா இல்ல? நீ எழுதிக் குடு, போடி" என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன். பதினேழாம் தேதி காலை ஷீட் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து, 12.02 அழிப்பையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டேன். சங்கிலிமுத்து இன்றும் வாசலில் நின்றார். கொடுத்தேன். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அதிகாரியைப் பார்க்க பஸ் ஏறினார்.

பிறகு சின்னத்தாய் பெயரைத் திரும்ப ஐந்தாவதாக அடித்தேன். ஷீட்டைத் திறந்து வைத்திருப்பவர்கள் பெயர் ஓரத்தில் தெரியும். நல்லசிவம் இருந்தார், முனியராஜ் இருந்தார், சென்னையில் ஹரிபிரசாத் இருந்தார். பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன்:

"இவள் அன்று வேலைக்கு வந்தாள். இல்லை என்பவர் இப்போது, அவரவர் பெயரில், அழியுங்கள்."

ஓரத்திலிருந்து முதலில் போனது ஹரிபிரசாத்தின் பெயர். பிறகு முனியராஜ். நல்லசிவம் எனக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மவுஸ் ஒரு தடவை சொடுக்கியது. ஓரத்தில் என் பெயர் மட்டும்.

ஆறு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அழிக்கவில்லை. யாரும் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.