வலது பக்கம் திருகியவன்

ஜனவரி 9

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் கடிதம் வந்தது. நம் வால்வை முதன்முதலில் மாட்டியது எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு நம்பர் தெரியாது. ஆற்றுப் பாலத்தின் நடுக்கண் இடிந்து, ஒரு லாரி மூட்டைகளோடு தண்ணீரில் நின்றதே, அந்த வருஷம். சாயப் பட்டறையில் கரியை விட்டுவிட்டு பாய்லருக்கு எண்ணெய் போட ஆரம்பித்த வருஷம். போர்மேனின் இரண்டாவது பெண் தபால்காரனோடு போய், நாலே நாளில் தனியாகத் திரும்பி வந்த வருஷம். உனக்கு அப்போதுதான் மீசை ஒழுங்காக முளைத்தது. இதை வைத்து நம்பரை நீயே கண்டுபிடி. படித்தவன்தானே.

உங்கள் இன்ஜினியர் சங்கத்தார் ஆய்வுக்கூடம் கட்டி அதற்கு உன் பெயரை வைக்கப் போகிறார்கள் என்றும், வாசலில் அந்த வால்வைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். நல்ல காரியம். அது பிறந்த கதையையும், முதலில் மாட்டிய அன்று கூட இருந்தவர்களின் விவரத்தையும் விழா மலருக்காக ஞாபகம் இருக்கிறவரை சொல்லச் சொன்னாய். எனக்கு மறக்கத்தான் தெரியாது.

பாய்லரில் ஏழு கிலோ பிரஷர். சாயக் கொப்பரைக்கு இரண்டு கிலோ போதும். நடுவில் ஒரு ஆள் நாள் முழுக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் திற, கொஞ்சம் மூடு என்று நிற்க வேண்டும். அந்த ஆள் நான். மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. இந்த வேலையை ஸ்டீமே பார்த்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். மேலே ஒரு ஸ்பிரிங் அமுக்கும், வழி திறக்கும். அந்தப் பக்கம் போன ஸ்டீம் கீழேயிருந்து ஒரு தகட்டை முட்டும், வழி மூடும். இரண்டும் மல்லுக்கட்டி ஓரிடத்தில் நிற்கும். ஸ்பிரிங்கை இறுக்க மேலே ஒரு திருகு. இறுக்கினால் பிரஷர் கூடும், தளர்த்தினால் குறையும். சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்கும் பிஸ்கட் டின் மூடியும் வைத்து உனக்குச் செய்து காட்டினேன். "என்ன அத்தான், கழுதைக்குக் கல்யாணமா?" என்று சிரித்தாய். அடுத்த வாரமே படம் போட்டுக்கொண்டு வந்தாய்.

நீ செய்த முதல் வால்வு பேய் பிடித்ததுபோலக் கடகடவென்று அடித்துக்கொண்டது. அடைப்பானில் ஆப்பு மாதிரி ஒரு வெட்டுக் கொடு, ஸ்டீம் மெல்ல மெல்ல நுழையட்டும் என்று சலவை சோப்பில் செதுக்கிக் காட்டினேன். உன் அக்கா அந்த சோப்பை எடுத்துத் துவைத்துவிட்டாள். மறுபடி செதுக்கினேன்.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னேன். அதை நீ எழுதுவாயா என்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறேன்.

உன் அத்தான்


ஜனவரி 24

பாசத்துக்குரிய அத்தான்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துச் சிரித்தேன். என்ன ஞாபகம் உங்களுக்கு! சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்கை மலரில் கட்டாயம் போடச் சொல்கிறேன். "என் அத்தான் பாய்லர் அறையில் தந்த ஊக்கம்" என்று ஒரு வரியும் வரும்.

இப்போது ஒரு சின்ன விஷயம். மலர் எழுதுகிற பெண் எங்கேயோ துருவி அந்தப் பழைய விசாரணைக் காகிதத்தை எடுத்துவிட்டாள். கொப்பரை மூடி பறந்து ஒருவன் செத்தானே, அது வால்வின் கோளாறா என்று கேட்கிறாள். அன்றைக்கு நீங்கள் கொடுத்த வாக்குமூலம் சரிதான் என்று ஒரு தாள் தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கைநாட்டு, அவ்வளவுதான். செத்தவனுக்கு அதனால் என்ன குறையப் போகிறது?

கடிதத்தில் அக்காவின் எழுத்து இல்லையே? அவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இந்த ஊருக்கு வந்து முப்பத்தொரு வருஷமாகிறது, அங்கே ஒரு தடவைகூட வர முடியவில்லை. வேலை அப்படி. அவளை நினைக்காத நாளில்லை என்று சொல்லுங்கள்.

அன்பு மாறாத,
உங்கள் மச்சினன்


பிப்ரவரி 6

மச்சினனுக்கு,

அக்காவின் கை ஓய்ந்துவிட்டது. எழுதிக்கொடுப்பது எதிர் வீட்டு டைப்பிஸ்ட் அம்மாள். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுதியதை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்கிறேன். படித்துக் காட்டியது ஒன்று, எழுதியிருந்தது ஒன்று என்று முன்னே ஒருதடவை எனக்கு நடந்திருக்கிறது.

நான் சொன்ன இன்னொன்றை இப்போது சொல்கிறேன். பாய்லர் ஆளுக்கு மூளை மணிக்கட்டில் இருக்கிறது. எந்த வால்வாக இருந்தாலும் வலது பக்கம் திருகினால் அடையும். தூக்கத்தில் எழுப்பினாலும் அவன் கை வலது பக்கம்தான் போகும். உன் வால்விலோ வலது பக்கம் திருகினால் ஸ்பிரிங் இறுகும், ஸ்டீம் கூடும். அதனால் அந்தத் திருகுக்கு மட்டும் இடது மரை போடு, வலது பக்கம் திருகினால் ஸ்பிரிங் தளரட்டும் என்றேன். "சரி அத்தான்" என்றாய். மாதிரிக்குச் செய்ததில் இடது மரைதான் இருந்தது. என் கையால் திருகிப் பார்த்தேன். முதலாளிக்குக் காட்டுகிற நாளன்று மாட்டியதில் வலது மரை. கேட்டதற்கு, "இடது மரை வெட்டுற கருவி உடைஞ்சுபோச்சு அத்தான், புதுசு வர மூணு வாரம் ஆகும். அம்புக்குறி போட்டு ஒரு தகடு ஒட்டிடலாம்" என்றாய். தகடு வரவே இல்லை.

அன்றைக்கு வால்வுப் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான். முதலாளி வந்ததும், "அத்தான், ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாய். இன்ஜினியரின் அக்கா புருஷன் நாற்காலி தூக்கப் போனேன். என் இடத்தில் நெட்டையனை நிறுத்தினாய். பாய்லர் அறை நிலையில் தினமும் தலை இடித்துக்கொண்டு, "கட்டினவன் குள்ளன்டா" என்று திட்டுவானே, அந்த நெட்டையன். முள் ஏறியது. அவன் வலது பக்கம் திருகினான். இன்னும் ஏறியது. இன்னும் வலது பக்கம் திருகினான். நான் நாற்காலியோடு வாசலில் நின்றேன். "இடது பக்கம்டா" என்று நான் கத்தினது மூடி பறந்த சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஒன்பது நாள் கிடந்தான். தோல் பஞ்சோடு வந்தது.

விசாரணைக்கு நீ எழுதிக் கொண்டுவந்தாய். "புது வால்வு, அவனுக்குப் பழக்கமில்லை" என்று படித்துக் காட்டினாய். விரலை வைத்தேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி நெட்டையன் மனைவியின் பாத்திரங்களைத் தெருவில் வைத்த அன்று, அவள் என் வாசலில் நின்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். "என் புருஷன் குடிச்சிருந்தாருன்னு விரலை வச்சிருக்கீங்களே, அவர் வாயை எப்ப மோந்து பார்த்தீங்க?" நெட்டையன் டீயில்கூடச் சர்க்கரை போடாதவன்.

நீ அனுப்பிய தாளில் விரல் வைக்க மாட்டேன். நீ ஒரு வரி எழுது. அவன் குடிக்கவில்லை, மரையை மாற்றியது நான் என்று. அதைக் கொடு, நீ எங்கே விரல் வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன்.

உன் அத்தான்


பிப்ரவரி 20

அத்தானுக்கு,

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். நீங்கள் எனக்கு நியாயம் சொல்கிறீர்களா?

கொப்பரையில் சேஃப்டி வால்வு இருந்தது. பிரஷர் மிஞ்சினால் அது தானாகத் திறந்து கத்தியிருக்கும், மூடி பறந்திருக்காது. முதலாளி முன்னால் அது கத்தினால் மானம் போகும் என்று அன்று காலையில் அதன் எடைக்கல்லைத் தண்டின் கோடிக்குத் தள்ளிக் கம்பி போட்டுக் கட்டியது யார் கை? நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஐம்பது வருஷமாக வெளியே சொல்லவில்லை. என் பேரில் கூடம் வரக்கூடாது என்றால் நேராகவே சொல்லலாமே. ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தவனெல்லாம் இன்ஜினியர் ஆகிவிட முடியாது, அத்தான்.

திறப்பு விழா மார்ச் 20. அதற்குள் தாள் வர வேண்டும். இதற்குள் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அது அக்காவுக்கு. அவளே பிரிக்கட்டும். எழுத முடியாவிட்டாலும் படிக்க முடியும் அல்லவா?

மச்சினன்


(ஒட்டிய உறைக்குள்)

அக்கா,

இதை நீ மட்டும் படி. படித்ததும் அடுப்பில் போடு.

அத்தானை எப்படியாவது கைநாட்டு வைக்கச் சொல். நீ சொன்னால் கேட்பார். அந்த வாக்குமூலத்தை நான் எழுதிய அன்றைக்கே நீ படித்துவிட்டாய். "என்னடா எழுதியிருக்கே இதில?" என்று கேட்டாய். உன் காலைப் பிடித்தேன். என் வாழ்க்கை போய்விடும் என்றேன். நீ அந்தத் தாளை மடித்து என் பையில் வைத்தாய். அந்தக் கடனைத் தீர்க்க முடியாது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இடது மரைக் கருவி உடையவில்லை. என் மேஜை டிராயரில்தான் இருந்தது. இடது மரை அத்தானின் யோசனை என்று பட்டறை முழுக்கத் தெரியும். அதைப் பார்த்தால் முதலாளி இது யார் யோசனை என்று கேட்பார். ஒரு பாய்லர் ஆளின் வால்வை நான் வரைந்து கொடுத்தேன் என்று ஆகிவிடும். அதற்காகத்தான் மாற்றினேன். ஒருவன் சாவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் குடிக்கிறவன் இல்லை என்பது எனக்கும் தெரியும். வேறு வழி இருக்கவில்லை.

எனக்கு இருதயம் சரியில்லை, அக்கா. இந்தக் கூடம் ஒன்றுதான் மிச்சம்.

உன் தம்பி


மார்ச் 5

மச்சினனுக்கு,

உன் அக்கா போன வருஷம் ஆகஸ்டில் செத்துப்போனாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஜனவரி வரைக்கும் நீ கேட்கவில்லை. கேட்டபோது கை ஓய்ந்துவிட்டது என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. நோய் என்று நினைத்துக்கொண்டாய். நினைக்கட்டும் என்று விட்டேன். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்வாய் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே நீ எதையாவது உடைத்தால் அவள் முந்தானைக்குள் போய்த்தான் ஒப்புக்கொள்வாய்.

உறையை டைப்பிஸ்ட் அம்மாள் பிரித்துப் படித்தார். "உன் காலைப் பிடித்தேன்" என்கிற இடத்தில் நிறுத்தி, "ஐயா, இதை விட்டுட்டு மேலே படிக்கட்டுமா?" என்றார். விடாமல் படிக்கச் சொன்னேன்.

உனக்குக் கண்ணி வைத்தேன், அதில் என் காலும் மாட்டிக்கொண்டது. குவார்ட்டர்ஸ் காலியான அன்று உன் அக்காவிடம் கேட்டேன். "அந்தத் தாளை நீ பார்த்தியா?" "நான் எங்க பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போனாள். அதற்கப்புறம் ஐம்பது வருஷம் என் பக்கத்தில் படுத்தாள். நெட்டையன் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தாள். என் துக்கத்துக்குத் தடவுகிறாள் என்று நினைத்தேன். உனக்காகத் தடவியிருக்கிறாள். அவள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எடைக்கல்லைத் தள்ளிக் கட்டியது என் கைதான். அதை வைத்து என்னை மிரட்டலாம் என்று நினைத்தாய். அது பழைய சரக்கு. அக்கா செத்த அடுத்த வாரம் இரண்டு பஸ் மாறி நெட்டையன் மனைவி வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள்தான் நிற்கலாம். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கல், கம்பி, நாற்காலி, விரல். தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. தையலை முடித்து நூலைப் பல்லால் அறுத்துவிட்டுக் கேட்டாள்.

"எதுக்கு இப்ப வந்தீங்க? உங்க நெஞ்சு பாரத்தை இறக்கி வைக்க என் வீடுதான் கிடைச்சுதா?"

"தப்புதான்மா."

"ஒன்பது நாளும் அவர் ஒண்ணுதான் கேட்டார். 'நான் மூடத்தானே செஞ்சேன், ஏன் மூடலை?' அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. குடிச்சிருந்தாருன்னு எழுதினது யாரு?"

"எழுதினது மச்சினன். விரல் என்னுது."

"எழுதினவரே எழுதிக் குடுக்கட்டும், அது பொய்யின்னு. அதைக் கொண்டுட்டு வாங்க. இல்லாட்டி இந்தப் பக்கம் வராதீங்க."

அதனால்தான் உன்னிடம் அந்த ஒரு வரி கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாய்.

முந்தாநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குக் கண்ணாடி போட்டால் எழுத்துத் தெரிகிறது. தானே படித்தாள். டிராயரில் இருந்தது என்கிற இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தாள். அழவில்லை. என்னை மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாளை மடித்து, துணி வெட்டுகிற கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தாள். "விழா எத்தனாம் தேதி?" என்று மட்டும் கேட்டாள். இருபது என்றேன். அவள் மருமகன் வேன் ஓட்டுகிறான். மலர் எழுதுகிற பெண்ணுக்குப் போய்ச் சேரும் சங்கத்து விலாசத்தை, அது அச்சடித்திருந்த உன் முதல் கடிதத்து உறையிலிருந்தே டைப்பிஸ்ட் அம்மாள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

நெஞ்சு சரியில்லை என்று எழுதியிருந்தாய். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள். முன்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். நாற்காலி போட ஆள் இருப்பார்கள்.

மலருக்கு அன்றைக்குக் கொப்பரைப் பக்கம் இருந்தவர்களின் விவரம் வேண்டும் என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தாயே, அதையும் சொல்லி முடிக்கிறேன். முதலாளி, சர்க்கரை வியாதியில் ஒவ்வொரு விரலாக எடுத்து, கடைசியில் காலையும் எடுத்து, போய்விட்டார். போர்மேன் படியில் விழுந்து போனார். விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ரிட்டயர் ஆன மாசமே போனார். நெட்டையன் ஒன்பதாம் நாள் விடியற்காலையில். தாளை மடித்துப் பையில் வைத்த உன் அக்கா, ஆகஸ்டில். உன்னையும் என்னையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றைக்கு அவனுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியே நின்று, சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தவள் ஒருத்தி. உயிரோடு இருப்பது அவள்தான். நெட்டையன் மனைவி.