லேபல் இல்லாத பூச்சாடி

திருகோணமலை,
வியாழக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுத பிறகு.

அன்பு மகள் ஷிஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா அல்லாஹ்வின் காவலில் சுகம், முழங்கால் மட்டும் தன்பாட்டில் முனகிக்கொண்டு இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. நீயும் மருமகனும் என் நிப்லாக் குட்டியும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற உம்மா எதற்கு இப்போது கடதாசியும் பேனையும் தூக்கினாள் என்று யோசிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன், அதுதான். அடுத்த வீட்டு ஜெஸ்மினுடைய கூடப்பிறந்த நானா சரீப் திங்கட்கிழமை லண்டனுக்கு வருகிறார், வாப்பாவின் கண்ணாடிப் பூச்சாடியை என் இரண்டு பழைய சேலையில் சுற்றி அவருடைய பெட்டியில் வைத்திருக்கிறேன், அதற்குள்ளேதான் இதைச் சுருட்டிப் போடுகிறேன். முதலில் இதை முழுக்க வாசி, பிறகு அதை வாங்கப் போகிற மனுசனுக்கு எழுது.

நீ சொன்ன சோதனை எல்லாம் ஒன்று விடாமல் செய்தோம் மகள். ஜெஸ்மினுடைய மாப்பிள்ளை றிகாஸ் கடையைக்கூடப் பூட்டிவிட்டு வந்து சாடியைக் கவிழ்த்து, நிமிர்த்தி, டோர்ச் அடித்து, போட்டோ போட்டோவாக எடுத்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. அடியில் பேரும் இல்லை, எழுத்தும் இல்லை. அச்சில் வார்த்திருந்தால் இரண்டு பக்கமும் பொருத்தின கோடு தெரியும் என்றாயே, அப்படிக் கோடும் இல்லை. அடியின் நடுவில், ஊதும்போது பிடித்த கம்பியிலிருந்து உடைத்தெடுத்த இடத்தை வழுவழுவென்று தேய்த்து வைத்த குழி இருக்கிறது, அப்போ கையால் ஊதினதுதான் என்று நீயே சொன்னாய். அடி விளிம்பில் மெல்லிய கீறல்கள் இருக்கின்றன, பழசுக்கு அது நல்ல அடையாளமாம், அதில் பாதி நான் ஷோகேஸில் இழுத்து இழுத்துத் துடைத்த கீறல் என்று நான் றிகாஸுக்குச் சொல்லவில்லை. கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா லைட்டுக்குக் கீழே பிடிக்க நகைக்கடைக்கும் கொண்டுபோனார், பழைய கண்ணாடி என்றால் அதில் பச்சையாக மின்னுமாம், இது கொஞ்சம் பச்சையாகத் தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருந்ததாம். அதுக்குப் பிறகு நீ சொன்னாய், கையால் செய்ததுதான், பழசுதான், ஆனால் இந்த நீலமும் தேன் நிறமும் கலந்த சாடியை இத்தாலியிலும் செய்திருக்கிறார்கள், ஜப்பானிலும் செய்திருக்கிறார்கள், இத்தாலி என்றால் நல்ல விலை, ஜப்பான் என்றால் பஸ் காசுதான், ஒரு லேபல் மட்டும் இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும் என்று. கோதுமை கொண்டு வந்த இத்தாலிக் கப்பலின் சமையல்காரன், கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துவந்த வாப்பாவுக்குக் கொடுத்தது என்று நாங்கள் சொன்னதை நம்பித்தான் அந்த மனுசன் எடுக்கிறேன் என்றானாம். அந்தக் காசில் மூன்று பேருக்கும் டிக்கட், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊரில் நிற்போம் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் சந்தோசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டு ஆணத்தைக் கெடுத்தேன்.

நீ என்னிடம் கேட்டாய், உம்மா, அதில லேபல் ஒண்டும் இருக்கல்லையா என்று. இல்லை மகள் என்றேன். அது பொய். இருந்தது. வாப்பா அதைக் கொண்டு வந்த அன்றைக்கு வயிற்றுப் பக்கத்தில் பொன் நிறத்தில் வட்டமாக ஒரு லேபல் ஒட்டியிருந்தது, அதில் காலுள்ள கிண்ணம் ஒன்றின் படம். எனக்கு அது சாராயக் கிண்ணமாகத்தான் தெரிந்தது, தொழுகிற வீட்டுக்குள் குடிகாரச் சாமானைக் கொண்டு வந்துவிட்டீர்களே என்று ஒரு பிடி பிடித்தேன். ஸல்ஹா, இது பூ வைக்கிற சாமான் புள்ள என்று வாப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். நான் கேட்கிறவளா, சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி அந்த லேபலை உரித்து எடுத்த பிறகுதான் சாடியை அறைக்குள் விட்டேன். பிறகு அதை மறந்தே போனேன், நீ கேட்டபோது ஞாபகம் வந்தது, ஊர் உலகம் தேடுகிற லேபலை உரித்தவள் நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குப்பைக்குப் போனதைச் சொல்லி என்ன பயன் என்றும் நினைத்தேன்.

போன திங்கட்கிழமை அந்த மனுசன் வெள்ளைத் துணியில் வைத்து ஒரு போட்டோ கேட்டான் அல்லவா, துணி எடுக்க அலுமாரியின் கீழ்த் தட்டைத் திறந்தேன், குனிய ஏலாமல் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால் கதவின் உள்பக்கம், அடியில், நீ சின்னதில் சோற்றுப் பருக்கையால் ஒட்டின, டொபி இனிப்பு சுற்றின கடதாசிகள் வரிசையாக இருக்கின்றன. இத்தனை வருசம் நின்றுகொண்டே திறந்து நின்றுகொண்டே மூடினவள் நான், உன் உயரத்துக்கு இறங்கிப் பார்க்கவே இல்லை. அதுகளுக்கு நடுவில் அந்தப் பொன் வட்டம். மினுமினுப்பைக் கண்டால் விடமாட்டாயே, எப்போது பொறுக்கினாயோ. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கிண்ணத்துக்குக் கீழே பொடி எழுத்து, எட்டாம் வகுப்பு இங்கிலீஸ்தான் எனக்கு, என்றாலும் அந்த ஒரு சொல்லைக் கூட்டி வாசிக்க அது போதும். ஜப்பான். கப்பல்காரன் எந்தத் துறைமுகத்தில் வாங்கினானோ.

மகள், நான் உன்னிடம் மறைக்கமாட்டேன். மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு தரம் நகத்தால் ஓரத்தைக் கிளப்பியும் விட்டேன். கிழித்து அடுப்பில் போட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது, நீ பெருநாளைக்கு என் முன்னால் நிற்பாய், நிப்லாவைத் தூக்கி மடியில் வைத்து அவள் தலை வாசத்தை நான் முகர்வேன். ஏழு வருசம், ஷிஃபானா. நீ போகும்போது தறித்த முருங்கை இப்போது கூரைக்கு மேலே நிற்கிறது, ஊருக்குள் திரிந்து வேலிக்குள் நுழைகிற மான்களுக்கும் குட்டி போட்டுக் குட்டி போட்டு எத்தனை தலைமுறை ஆகிவிட்டது. என் பேத்தியை நான் போன் கண்ணாடியில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். எனக்கு ஆசை இல்லையா? நெஞ்சு வெடிக்கிற ஆசை. ஆனால் வாப்பாவை உனக்குத் தெரியும். கப்பலுக்குக் கொடுத்த வெங்காய மூட்டையில் அடி அழுகி இருந்தது என்று கரைக்கு வந்த பிறகு தெரிந்து, அந்த மழையில் திரும்பவும் வள்ளத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்த மனுசன். சாமான்ட குறைய மறைச்சு வித்த காசில பறக்கத் இரிக்காது, அது விளங்காது என்பார். அவர் கொண்டு வந்த சாடியிலேயே நான் அதைச் செய்தால் மண்ணுக்குள் போன அவருடைய கபுறுக்கு எந்த முகத்தோடு துஆ அனுப்புவது?

நேற்று ஈரத் துணியை வைத்து வைத்துக் கிழியாமல் லேபலை எடுத்து, வெள்ளைக் கடதாசியில் மடித்து, சாடியின் அடியில் போட்டிருக்கிறேன். றிகாஸுக்கும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்து, உம்மா, சாடி வித்து முடியுற வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்றார். பொறுத்திருந்தால் வாய் திறந்திருக்கமாட்டேன் தம்பி என்றேன். லேபலைப் போட்டோ எடுத்து அந்த மனுசனுக்கு அனுப்பு, அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் எடுக்கட்டும், வேண்டாம் என்றால் உன் மேசையில் வைத்து ஒரு பூவைப் போடு, அது அதற்குத்தான் செய்தது. மருமகன் கோபித்தால் பழியை என் மேல் போடு, நான் தாங்குவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கருஞ்சீரக எண்ணெயைப் பிள்ளையின் தலையில் தேய், சரீப் கையில் கொடுத்த கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மணக்கும் என்று பயந்து எறிந்துவிடாதே. உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் ஈமானையும் தந்து, என் கண் மூடுவதற்கு முன் ஒருதரம் உங்களை இந்த வாசலில் காட்டும்படி படைத்தவனைக் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பெருநாளைக்கு வர ஏலாது என்றால் ஏலாது என்றே சொல்லு மகள், நான் கேட்டுக்கொள்வேன். வாறேன் உம்மா என்று மட்டும் சும்மா சொல்லாதே. நீ சொல்லும் ஒவ்வொரு தரமும் நான் உன் தலையணைக்கு உறை மாற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஸல்ஹா கலீலுர் றஹ்மான்