இலவசச் சோதனைக் காலம்

அன்பிற்குரிய மகனுக்கு,

எல்லாம் வல்ல இறைவன் உன்னையும் உன் இல்லத்தாரையும் காப்பானாக. இங்கு நான் நலம். உன் தாய், இருந்த நிலையிலேயே இருக்கிறாள் என்று எழுத ஆசை.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நீ வியக்கலாம். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் செவிக்கு எட்டிவிடுகிறது. உடல் தளரத் தளரக் காது மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகிறது. இது அவள் அறியக் கூடாத செய்தி.

நீ வாங்காத செயலிகளுக்கெல்லாம் உன் வங்கி அட்டையிலிருந்து மாதந்தோறும் சந்தா போகிறது என்று கொதித்தாயே, அது உண்மைதான். ஆனால் செய்தவள் அந்தப் பணிப்பெண் அல்லள். உன் தாயைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, வாயில் ஊட்டிவிட்டவள்மீது, அவளை இங்கு அனுப்பிய நிலையத்தில் நீ புகார் கொடுத்தாய். மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். கையைத் தூக்க முடியாத அம்மா எப்படி வாங்கியிருப்பாள் என்று நீ கேட்டாய். ஓய்வு நேரத்தில் அந்தப் பெண் டேப்லெட்டில் நகைகளை அடுக்கும் ஏதோ விளையாட்டு ஆடியதை நானே கண்டிருந்தேன். ஆகவே உன்னை நான் தடுக்கவில்லை.

அவள் போன பின் பகலெல்லாம் கட்டிலருகே நான்தான் அமர்கிறேன். சென்ற வாரம் ஒருநாள் காலையில் பதிக நூலைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்திப் பாடல் கேட்பதற்கென நீ வாங்கித் தந்த டேப்லெட், தலையணையில் அவள் கையோரமாகச் சாய்ந்திருந்தது. பாட்டு நின்று திரை ஒளிர்ந்தது. உன் தாய் கண்களை மூடினாள். உதடசைய ஏதோ சொன்னாள். கட்டைவிரலை மெல்ல நகர்த்தித் திரையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “என்னங்க, பாத்தீங்களா? இன்னைக்கும் சொல்லிட்டான். முடியப் போகுதாம்” என்றாள். நோய் வந்த நாள்முதல் அப்படியொரு தெளிவை அந்த முகத்தில் நான் கண்டதில்லை.

எழுந்து சென்று பார்த்தேன். ‘உங்கள் சோதனைக் காலம் இன்றுடன் முடிகிறது’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன்கீழ்ப் பச்சைப் பட்டையில் ‘சம்மதம்’. அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், இனிமேல் கட்டணம் உண்டு என்ற செய்தி.

ஒரு செயலியை இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கும் நாட்களுக்கு அவர்கள் இட்ட பெயராம் அது. எவர் மொழிபெயர்த்தாரோ, அறியேன். இந்த வீட்டில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: ஆண்டவன் தன் அடியாரைச் சோதிக்கும் காலம். சில மாதங்களுக்கு முன் உன் தாய் என்னிடம், “சோதனைக் காலம் முடியுதுன்னு தகவல் வந்தா நாம என்னங்க சொல்லணும்?” என்று கேட்டாள். ஏதோ புராணத்தில் வரும் இடத்தைக் கேட்கிறாள் என்றெண்ணி, நூலிலிருந்து தலையை உயர்த்தாமலே விரிவுரை நிகழ்த்தினேன். சோதிப்பவனும் அவனே, முடித்துவைப்பவனும் அவனே, உயிர் செய்யத்தக்கது சம்மதம் என்று பணிவது ஒன்றுதான் என்றேன். அவள் பணிந்திருக்கிறாள். தூக்கத்துக்கு ஒன்று, மூச்சுப் பயிற்சிக்கு ஒன்று, முகச் சுருக்கத்தை மறைத்துப் படமெடுப்பதற்கு ஒன்று எனப் பாட்டின் நடுவே விளம்பரமாக வந்து விரல் பட்டு நுழைந்தவை அனைத்துக்கும் பணிந்திருக்கிறாள். உன் அட்டையை இணைத்து, பணம் செலுத்த விரல் ரேகை பதிந்தால் போதும் என்று நீ அமைத்துத் தந்தது அவளுக்கு எளிதாயிற்று.

உதவி எண்ணில் பேசினேன். ஒரு பெண் பொறுமையாக வழிசொன்னாள். திரையில் உள்ள செயலியின் படத்தை அழித்தால் சந்தா அழியாதாம். கணக்கினுள் சென்று ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டுமாம். உடல் நீங்கினாலும் வினை நீங்காது என்று ஆயுள் முழுதும் பேசியவனுக்கு இது விளங்காமல் போகுமா? நிறுத்திவிட்டேன். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு, “அம்மா தெரிஞ்சு அழுத்தினாங்களா, தெரியாம அழுத்தினாங்களா ஐயா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, போட்டுடுறேன்” என்றாள். எதைச் சொன்னாலும் பொய்யாகும் என்று பட்டது. பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்றுமுதல் உன் தாய், “இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையேங்க” என்று வெறும் திரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். ஒருமுறை சொன்னால் சொன்னதுதானே என்றேன். தலையசைத்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மையாரைச் சற்று நேரம் கட்டிலருகே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பணிப்பெண்ணின் வீடு தேடிச் சென்றேன். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. “வாங்க ஐயா, திருடி வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?” என்றபடியே முக்காலியைத் துடைத்துப் போட்டாள். நடந்ததைச் சொன்னேன். “அம்மா விரல வைக்கிறத நானும்தான் பாத்தேன். சாமி கும்பிடுறாங்கன்னு நெனச்சேன்” என்றாள். சிரிக்கத் தொடங்கியவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முந்தானையை விலக்கி, “நகை ஆட்டம் ஆடினேன், இல்லேங்கல. அது ஓசி ஆட்டம். ஓசியில ஆடினவளப் போயி ஊரெல்லாம் திருடின்னு சொல்லிட்டாரே உங்க புள்ள” என்றாள். அதன்பின் எந்த வீட்டுக்கும் அவளை அனுப்பவில்லையாம். கைகூப்பி அழைத்தேன். “உங்க கையெல்லாம் கூப்பாதீங்க ஐயா, எனக்குப் பாவம். அம்மாவுக்காக இப்பவே ஓடி வருவேன். ஆனா என்னைச் சொன்னது உங்க வாய் இல்லியே. சொன்ன வாயே இல்லேன்னு சொல்லட்டும்” என்று முடித்துவிட்டாள். அவள் கேட்பதில் பிழை காண என்னால் இயலவில்லை.

அந்தப் பெண் தன் தங்கையின் பேறுகாலத்துக்கு உதவப் போயிருக்கிறாள் என்று உன் தாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். “என் வாயாடி வந்துட்டாளா?” என்று நாளும் கேட்கிறாள். குளிப்பாட்ட மட்டும் காலையில் வந்துபோகும் புதியவளின் கை கல்லு மாதிரி இருக்கிறதாம். நான் கரண்டியை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள்.

ஆகவே மகனே, புகாரை எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள். அந்தப் பெண்ணை நீயே அழைத்து, தவறு உன்னுடையது என்று சொல். நீ படித்தவன், பதவியில் இருப்பவன். நாவு எழுவது கடினமாகத்தான் இருக்கும். ஆனாலும் உன்னைப் பெற்றவளின் வாய்க்குள் ஒரு கவளம் இறங்க வேண்டுமானால் உன் வாய் திறந்தாக வேண்டும். போன பணத்தைப் பற்றி அம்மாவிடம் விளையாட்டாகக்கூடப் பேசிவிடாதே.

நேற்று மருத்துவர் வந்தார். பல மருந்துகளை நிறுத்திவிட்டார். வலிக்கு உள்ளதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி, “பையன் எப்ப வர்றாரு?” என்று கேட்டார். கிளம்பிவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வயதில் என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

வழிநெடுக இறைவன் உனக்குத் துணையாக வருவானாக.

ஆசிகளுடன்,
உன் தந்தை